திருப்பிப் போட்ட கை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த ஆண்டு, கள்ளக்குறிச்சியில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தேன்.
2. சேனல் முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் போட ஒரு தொடர் எடுத்தார். சாமியும் போலீசும் கலந்த கதை. மலையில் ஒவ்வொருவராக நரபலி ஆகிறார்கள்.
3. பலி கொடுக்கும் பூசாரியாக வெள்ளிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் நடித்தார்.
4. பிணத்தின் வாயில் சாமை போடும் காட்சியை இடது கையால்தான் செய்வேன் என்று என்னிடம் சொன்னார். சரி என்றேன். அப்படியே செய்தார்.
5. எடிட்டிங்கில் அந்தக் காட்சியை நான் இடம் வலமாகத் திருப்பினேன். யாரும் என்னைத் திருப்பச் சொல்லவில்லை.
6. டிவியில் அது வலது கையானது.
7. அவருடைய ஊரில் அவர் சொன்ன சொல் பொய் ஆனது.
8. அவர் மலையிலிருந்து இறங்கி வந்து என்னிடம் கேட்டார். நான் பொய் சொன்னேன்.

இதில் ஐந்தாவதும் எட்டாவதும் மட்டும்தான் என் கணக்கு என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நான்காவதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சேனல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் ஒளிபரப்புப் பெட்டிகள், இன்னொன்றில் நானும் ஒரு கம்ப்யூட்டரும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு விழா, தேர், தீமிதி, கண்ணீர் அஞ்சலி. வருடம் முழுக்க இவைதான் எங்கள் நிகழ்ச்சிகள். முதலாளிக்கு இது போதவில்லை. பெரிய சேனல்களில் ஓடும் பேய்க்கதைகளையும் துப்பறியும் கதைகளையும் பார்த்து, இரண்டையும் சேர்த்து ஒன்று எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கதை, வசனம், இயக்கம் எல்லாம் அவர். கேமரா, எடிட்டிங், பட்டியல் எல்லாம் நான்.

பட்டியல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு காட்சிக்கும் எண் போட்டு, யார் என்ன சட்டை, குங்குமம் எவ்வளவு அகலம், அரிவாள் எந்தக் கையில், விளக்கு எந்தப் பக்கம் என்று எழுதி வைப்பேன். ஒரு வாரம் எடுத்ததும் மறுவாரம் எடுத்ததும் ஒட்ட வேண்டும் அல்லவா. முதலாளி என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "எங்க பாப்பா நோட்டுல இல்லாதது ஊர்லயே இல்லீங்க" என்பார்.

கதை இதுதான். வெற்றுத்தாளில் மலை மக்களிடம் கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொண்ட மூன்று பேர். ஒருவர் பின் ஒருவராக ஓடைக்கரையில் செத்துக் கிடக்கிறார்கள். வாய் நிறைய சாமை. துப்பறிய ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார். கொன்றது மலைத்தெய்வமா, அதன் பூசாரியா என்பது கடைசிவரை தெரியாது. தெரியக் கூடாது என்பதில் முதலாளி உறுதியாக இருந்தார்.

"நல்லவனா கெட்டவனான்னு ஜனம் அடிச்சிக்கணும்" என்றார். "பதில் சொல்லிட்டா டிவிய அணைச்சிட்டுப் போயிடுவாங்க."

ஜனம் அடித்துக்கொள்ளவே செய்தது. எங்கள் வீடு வடக்கனந்தலில். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். இரண்டாவது ஆள் செத்த வாரம், வயலில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதாக வந்து சொன்னார்.

"பலி குடுக்கறது பாவம்னு ஒருத்தி. செத்தவன் எத்தினி குடும்பத்த அழிச்சான், அவன் வாயில சாமை இன்னா, மண்ணையே போட்டாலும் தகும்னு ஒருத்தி. வேலையே ஓடல."

"நீ எந்தக் கட்சிம்மா?"

அம்மா முந்தானையை உதறிச் சொருகினார். "கொன்னது தப்பு. கொன்ன ஆளு தப்பு இல்ல."

இதை நோட்டில் எழுதி வைத்தேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் ஒட்டிய படத்தைப் பார்த்து நாலு பெண்கள் சேற்றில் நின்றுகொண்டு பாவபுண்ணியம் பேசியிருக்கிறார்கள். பலி விழும் இடத்தில் எத்தனை நொடி நிறுத்தினால் பார்ப்பவர்கள் மூச்சை இழுப்பார்கள் என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டிருந்த காலம்.

பூசாரியாக நடித்தவரை முதலாளி வாரச்சந்தையில் கண்டுபிடித்தார். மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். ஒட்டிய கன்னம், நீண்ட விரல்கள். சாமையை அளந்து போடும்போது ஒரு மணி கீழே சிந்தாது. நடிக்க வருகிறீர்களா என்று கேட்டதும் மறுக்கவில்லை. அவர் ஊர்க் கூத்தில் பல வருடம் எமன் வேஷம் கட்டியவர்.

நான் அவரைப் பெரிப்பா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பாப்பா என்றார். ஜீப்பில் மலையேறும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் எந்த மரத்தில் எந்த மாதம் தேன் கட்டும் என்று சொல்லிக்கொண்டே வருவார். நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்துவிட்டால் நிறுத்திவிடுவார். "அத எழுதாத. அப்பறம் அந்த மரம் டிவியில வரும்" என்பார்.

அப்படி ஒரு பயணத்தில்தான் முதல் கை பற்றிச் சொன்னார். அவர்கள் ஊரில் ஆனி மாதம் மழை விழுந்ததும் சாமை விதைப்பார்கள். நிலத்துக்காரர் தாமாகத் தொடங்குவதில்லை. கைராசி உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, முதல் பிடி விதையை அவர் கையால் இறைக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டார் கை வைப்பார்கள். அவர் ஊரில் அந்தக் கை அவருடையது. பதினொரு வீட்டு நிலத்துக்கு அவர்தான் முதல் கை போடுவார்.

"உங்க கையில அப்படி இன்னா இருக்கு பெரிப்பா?"

"ஒண்ணும் இல்ல. எங்கப்பன் செத்த வருசம் நான் போட்டது நல்லா வெளஞ்சுட்டுது. அதுலேர்ந்து புடிச்சிக்கினாங்க." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வுடமாட்டேங்கிறாங்க."

குறைபட்டுக்கொள்வது போலச் சொன்னாலும் அவருக்கு அது எவ்வளவு வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்றாவது பலி எடுத்த நாள் காலை. ஓடைக்கரையில் பாறை. பிணமாக நடித்தவர் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டு மல்லாந்து கிடந்தார். முதலாளி சற்றுத் தள்ளி நின்று போனுக்கு சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். நான் கேமராவைத் தாழ்த்தி வைத்திருந்தேன். பூசாரியின் முகம் வேண்டாம், கை மட்டும் வேண்டும் என்பது என் யோசனை. மேலிருந்து ஒரு கை வருகிறது, வாய்க்கு நேராக நிற்கிறது, சாமை விழுகிறது. அது சாமியின் கையாகவும் இருக்கலாம், மனிதனின் கையாகவும் இருக்கலாம்.

பெரிப்பா என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, ஒண்ணு. நான் பீச்சாங்கையில போடறேன்."

"ஏன் பெரிப்பா?"

"சோத்தாங்கை வெதைக்கிற கை. அதால பொணத்து வாயில போட்டா ஆவாது. ஊர்ல சொல்லிட்டுத்தான் வந்தேன், பீச்சாங்கையில போடறேன்னு. சரி போன்னாங்க."

"நடிப்புதானே. அவரு செத்தா போயிட்டாரு?"

பாறையிலிருந்து பதில் வந்தது. "இன்னும் சாவலீங்க. வெயில் இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."

பெரிப்பா சிரித்தார். பிறகு மடியிலிருந்த சாமையைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "நடிப்புன்னு எனக்குத் தெரியும். சாமைக்குத் தெரியுமா?"

அதே ஜீப் பேச்சின் தொடர்ச்சி போல இன்னொன்றும் சொன்னார். கூத்தில் எமன் உயிரை எடுப்பான். ஆனால் எமனுக்கு அரிதாரம் உண்டு, கிரீடம் உண்டு. விடிந்ததும் கழுவிவிடுவான். செத்தவன் எழுந்து திரைக்குப் பின்னால் போவதை ஊரே பார்க்கும். "இதுல அரிதாரமே இல்லியே பாப்பா. என் சட்டை, என் மூஞ்சி. செத்தவன் எழுந்து போறத நீ காட்டவும் மாட்டே."

அப்போது என் நோட்டில் அந்தக் காட்சிக்கு நேராக "கை: வலது" என்று எழுதியிருந்தது. முந்தைய வாரம் ஒன்றில் ஒளிபரப்பான காட்சியில் சப்-இன்ஸ்பெக்டர், சாமை சிந்திய பக்கத்தை வைத்து, கொன்றவன் வலது கைக்காரன் என்று சொல்லியாகிவிட்டது. இது எனக்கு அந்த நிமிடமே நினைவுக்கு வந்தது. இடது கை ஒட்டாது என்று தெரிந்தது. அவரிடம் சொல்லியிருக்கலாம். காட்சியை மாற்றலாம் என்று முதலாளியிடம் பேசியிருக்கலாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"சரி பெரிப்பா. உங்க இஷ்டம்" என்றேன். நான்காவதை என் கணக்கில் சேர்ப்பது இதனால்தான்.

அவர் இடது கையால் போட்டார். ஒரே தடவையில் நன்றாக வந்தது. நான் நிறுத்து பொத்தானை அழுத்த மறந்துவிட்டேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் வலது கையை நீட்டி ஜெராக்ஸ்காரரைத் தூக்கி உட்காரவைத்து, மீசையில் ஒட்டியிருந்த சாமையைத் தட்டிவிட்டார். "மூக்குல கீக்குல பூந்துச்சா?" என்று கேட்டார். ஜெராக்ஸ்காரர் தும்மினார். சிந்திய சாமையை அவர் மடியில் அள்ளிக்கொள்ளவில்லை. காக்கைக்கு விட்டுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, பிற்பகலில், எடிட்டிங் அறையில் உட்கார்ந்து அந்தக் காட்சியைத் திறந்தேன். எதிர்பார்த்தபடியே ஒட்டவில்லை. எழுந்து உட்காரும் பகுதியை வெட்டினேன். பிறகு மௌஸை வலப்பக்கம் அழுத்தி, திருப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடியில் பார்ப்பது போலப் படம் மாறியது. படத்தில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்தேன். எழுத்து இருந்தால் மாறித் தெரியும், பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்து இல்லை. பாறை, தண்ணீர், சட்டை, கை. கச்சிதமாக ஒட்டியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நோட்டில் அந்த எண்ணுக்கு நேராக ஒரு டிக் போட்டேன்.

திருப்பும்போது அவர் சொன்னது நினைவிருந்ததா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இருந்தது. ஆனால் திரையில் இருந்தது அவர் கை என்று தோன்றவில்லை. அது காட்சி எண் பதினான்கு.

தொடர் நன்றாகப் போனது. கடைசி வாரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் பூசாரியைக் கைது செய்யாமல் மலையை விட்டு இறங்கிவிடுகிறார். டீக்கடைகளில் அதைப் பற்றிப் பேசினார்கள். முதலாளி எல்லா வாரங்களையும் இணையத்தில் ஏற்றினார். முகப்புப் படமாக அந்தக் கையை வைத்தார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சந்தையில் பெரிப்பாவைச் சுற்றிக் கூட்டம் கூடத் தொடங்கியது. முதலில் செல்ஃபிக்கு வந்தார்கள். அப்புறம் வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். ஒரு சந்தை நாளில் நானே பார்த்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், சாமை வாங்குவது போலக் குனிந்து, "பங்காளி ஒருத்தன் வரப்பத் தாண்டி என் நெலத்தையும் சேத்து ஓட்டிட்டான். ஏதாவது பண்ண முடியுமா பாருங்களேன்" என்றார்.

"இன்னா பண்ணணும்?"

"பூசாரிக்குத் தெரியாதா."

"நான் பூசாரி இல்லீங்க. சாமை விக்கிறவன்."

"அப்டித்தான் சொல்லுவீங்க" என்று அந்த ஆள் கண்ணைச் சிமிட்டினார். இரண்டு படி வாங்கிக்கொண்டு போனார்.

நான் இதை எடிட்டிங் அறையில் வேடிக்கையாகச் சொன்னேன். முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன்.

வைகாசி முடியும் சமயம் பெரிப்பா சேனலுக்கு வந்தார். பகல் பன்னிரண்டு மணி. முதலாளி மேசையில் இருந்தார். கடைத்திறப்பு விளம்பரம் கொடுக்க வந்த இருவர் நாற்காலியில் இருந்தார்கள். அவர் உட்காரவில்லை. மஞ்சள் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றார்.

"பாப்பா, அன்னிக்கு நான் எந்தக் கையில போட்டேன்?"

அவர் ஊரில் யாரோ ஒருவர் போனில் அந்தக் காட்சி வந்திருக்கிறது. இடது கையால் போடுகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போன மனிதர், வலது கையால் போட்டிருக்கிறார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அவர் இல்லை என்றால், போனைக் காட்டுகிறார்கள். விதைப்புக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம்தான்.

"பீச்சாங்கைதான போட்டேன்? அந்தப் படத்தக் குடு. எடுத்துக்கினு போய்க் காட்டறேன்."

அசல் என் மேசையிலிருந்த டிஸ்கில் இருந்தது. திறந்து காட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் திறந்தால் முதலாளி பார்ப்பார். அவருக்குத் தெரியாமல் நான் செய்தது அது. விளம்பரம் கொடுக்க வந்தவர்களும் பார்ப்பார்கள். நான் நோட்டுக்காரப் பெண். என் நோட்டில் தப்பு இருக்காது.

"ஞாபகம் இல்ல பெரிப்பா" என்றேன்.

"பாரேன்."

"அது அழிஞ்சிடுச்சி. கார்டுல எடம் இல்லன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டோம்."

முதலாளி தலையைத் தூக்கி, "டிவியில சோத்தாங்கைதான வந்துச்சு? அப்ப அதாங்க. கேமரா பொய் சொல்லுமா?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனதோடுதான் சொன்னார்.

பெரிப்பா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தார்.

"அப்ப எனக்குத்தான் தப்பா ஞாபகம் போலிருக்கு" என்றார். "நீ படிச்ச புள்ள. நீ ஏன் பொய் சொல்லப் போறே."

படி இறங்கும்போது கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த சில மாதங்களில் நான் வேலையை விட்டேன். இதற்காக விட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஒரு ஸ்கேன் சென்டரில் நிரந்தர வேலை கிடைத்தது, அதனால் விட்டேன். எக்ஸ்ரே படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, பெயர் ஒட்டி, டாக்டருக்கு அனுப்புவது என் வேலை. கிளம்பும்போது என் பொருட்களோடு பழைய டிஸ்கையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்கேன் சென்டரில் முதல் வாரமே ஒன்று கற்றுக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது உடம்பின் பக்கத்தில் ஈயத்தால் ஆன சின்ன எழுத்து ஒன்றை வைப்பார்கள். இடது என்றால் ஓர் எழுத்து, வலது என்றால் ஓர் எழுத்து. படத்திலேயே அது பதிந்துவிடும். அங்கே மூத்தவராக இருந்த அக்கா சொன்னார்: "படத்த எப்படி வேணா திருப்பலாம். ஆள திருப்ப முடியாது. எழுத்து இல்லாத படம் வந்துச்சின்னா திருப்பி அனுப்பிடு."

ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது படம் வரும். கை எலும்புகள், கால் எலும்புகள். ஒவ்வொன்றிலும் அந்த எழுத்தைத் தேடித் தேடிப் பார்ப்பதுதான் வேலை. கைகள் வரும் நாட்களில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நடந்தது முழுவதையும் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"கதையில அந்த மனுசன் கொன்னானா இல்லியான்னு தெரியாது. சரி. இதுல தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்பறம் இன்னாத்துக்கு என்கிட்ட சொல்லிக்கினு இருக்கே. பஸ்ஸு காலைல ஏழு மணிக்கு."

அடுத்த விடுமுறையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மலையேறினேன். பொய் சொல்லி ஏறத்தாழ ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு விதைப்பு போய்விட்டது. அடுத்ததற்கு இன்னும் சில வாரம் இருந்தது.

பெரிப்பா வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கு காய்ந்துகொண்டிருந்தது. அவர் மனைவி என்னை முதல் தடவை பார்க்கிறார். யார் என்று சொன்னதும் தண்ணீர் கொடுத்தார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஒரு வருசமா இந்த மனுசன் வெதை மொடாவத் தொடல. ஊரு கேட்டுக்கினுதான் இருந்துது, இவரே போயி சொல்லிட்டாரு. ஆமாம், சோத்தாங்கையிலதான் போட்டிருக்கேன், எனக்குத்தான் மறந்துபோச்சு, என்னக் கூப்பிடாதீங்கன்னு. சொந்த நெலத்துக்குக்கூட போடல. நான்தான் போட்டேன்."

"வெளஞ்சுதா பெரிம்மா?"

"வெளையாம இன்னா? எல்லா வருசமும் மாதிரிதான் வெளஞ்சுது." இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் இன்னும் அதிகமானது போலத் தெரிந்தது.

பெரிப்பா நிலத்திலிருந்து வந்தார். நான் எழுந்து நின்று எட்டு விஷயங்களையும் வரிசையாகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் ஐந்தாவதில் நிமிர்ந்து பார்த்தார். எட்டாவதில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப எனக்கு ஞாபகம் சரியாத்தான் இருந்துது" என்றார்.

"ஆமாம் பெரிப்பா."

"நான் பைத்தியம் புடிச்சிட்டுதுன்னு நெனச்சேன்."

அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். லேப்டாப்பைத் திண்ணை மேல் வைத்து அசலைப் போட்டேன். இடது கை, சாமை, பிறகு பிணம் எழுந்து உட்கார்ந்து தும்முவது. தும்மலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். அப்புறம் டிவியில் வந்ததையும் போட்டேன். ஒருவர் சந்தேகத்தோடு கேட்டார்.

"நீ இத அப்டி திருப்பினேங்கிறே. அத இப்டி திருப்பிக்கினு இப்ப வரலைன்னு எப்டி நம்பறது?"

எதையும் எப்படியும் திருப்பலாம் என்று சொன்னதே நான்தான். எக்ஸ்ரே போல இதில் எழுத்து எதுவும் இல்லை. அப்போது பெரிப்பாவின் மனைவி திரைக்கு அருகில் குனிந்தார்.

"செத்தவன் சட்டைப் பாக்கெட்டு எந்தப் பக்கம் இருக்குது பாருங்க."

பார்த்தோம். டிவியில் வந்த படத்தில் பாக்கெட் வலது மார்பில் இருந்தது. அசலில் இடது மார்பில்.

"எந்த ஊரு டைலரு சோத்தாங்கைப் பக்கம் பாக்கெட்டு வெப்பான்?" என்று கேட்டுவிட்டு அவர் நிமிர்ந்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். எழுத்தை மட்டும் தேடிய நான் பாக்கெட்டைப் பார்க்கவே இல்லை.

ஆண்கள் தங்கள் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகம் கேட்டவர், "சரிதான். பீச்சாங்கைதான்" என்றார். யாரோ பெரிப்பாவின் தோளைத் தட்டினார்கள். அவர் முகம் ஜீப்பில் தேன்மரம் காட்டிய நாளின் முகம் போல ஆனது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து லேப்டாப்பை மூடப் போனேன்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி, பெரிப்பாவைவிட மூத்தவர், மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, நீ பொய் சொல்லல. அது தெரிஞ்சிபோச்சு. ஆனா நான் பாத்துட்டேனே. ஒன் கை வெதை இறைக்க வர்றப்பல்லாம் எனக்கு அந்தப் பொணத்து வாய்தான் கண்ணுல வரும். நான் இன்னா பண்ணட்டும்?"

அந்தப் பெண்மணி கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பெரிப்பாவிடம் யோசனை கேட்பது போலக் கேட்டார்.

"வுடுக்கா" என்றார் அவர். "பாத்தத யாரு அழிக்கிறது."

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு பொட்டலம் சாமை கட்டிக் கொடுத்தார். வலது கையால் கொடுத்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வருபவர்களுக்கு அவர்கள் அப்படித்தான் கொடுப்பார்கள்.

இப்போதைய நிலை இது. இந்த ஆனியில் பதினொரு வீடுகளில் மூன்று வீட்டார் அவரைக் கூப்பிட்டார்கள். மற்ற எட்டு வீட்டாருக்கு வேறொருவர் முதல் கை போட்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி அந்த எட்டில் ஒருவர். பெரிப்பாவின் சொந்த நிலத்துக்கு அவர் மனைவிதான் இந்த வருடமும் போட்டார், இனியும் தானே போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அசல் காட்சி பெரிப்பா போனில் இருக்கிறது, என் டிஸ்கிலும் இருக்கிறது. திருப்பிய காட்சி இணையத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லிப் பழைய முதலாளியிடம் இரண்டு முறை போய்க் கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். முதல் முறை பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை, தொடரிலேயே ஜாஸ்தி பேர் பார்ப்பது அதைத்தான் என்றார். அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.